மோட்டாரைத் தூக்கிக் கட்டுவதா, இறக்கியே இழுப்பதா?

கேள்வி: 2024 ஏப்ரல் 14

16 அடி அலுமினியப் படகு ஒன்று பழையதாக வாங்கியிருக்கிறேன். பின்னால் 40 எச்.பி. நாலு ஸ்ட்ரோக் மோட்டார், டிரெய்லரும் கூடவே வந்தது. விற்றவர், "டிரான்சம் சேவர் (தூக்கிய மோட்டாரைத் தாங்கும் கம்பி) மாட்டாமல் 401 நெடுஞ்சாலையில் ஏறாதே, மோட்டார் மாட்டிய பின்பலகை பிளந்துகொள்ளும்" என்கிறார். கூட வேலை பார்ப்பவர் பல வருடமாகப் படகு வைத்திருப்பவர். அவரோ, "அதெல்லாம் கடைக்காரன் காசு பார்க்கிற வேலை, மோட்டாரை இறக்கி விட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டு" என்கிறார். ஒன்டாரியோவில் பிராம்ப்டனிலிருந்து ரைஸ் லேக் ஏரி வரை போய்வருவதுதான் திட்டம். யார் பேச்சைக் கேட்பது? அனுபவப்பட்ட அண்ணன்கள் சொல்லுங்கள்.

பதில்: ஏப்ரல் 14, இரவு

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி இருக்கிறது. முதலில் மோட்டாரோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார். பழைய மோட்டார் என்றால் புத்தகம் இருக்காது, ஆனால் இணையத்தில் கிடைக்கும். யமஹா புத்தகம் சொல்வது இதுதான்: டிரெய்லரில் இழுக்கும்போது மோட்டார் ஓடும் நிலையிலேயே, அதாவது நேராக இறங்கியே இருக்க வேண்டும். ரோட்டில் இடிக்கும் அளவுக்குத் தாழ்வாக இருந்தால் தூக்கிக்கொள்ளலாம், ஆனால் தனியாக ஒரு தாங்கு கம்பி கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

மோட்டாரைத் தூக்கிவிட்டு அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவரை மடக்கி விடுவோமே, டில்ட் லாக், அதை நம்பி ரோட்டில் போகவே கூடாது என்றும் தனியாக எச்சரித்திருக்கிறார்கள். அந்த லீவர் படகுத்துறையில் நிறுத்தி வைக்கும்போது பிடித்துக்கொள்வதற்கு. பள்ளத்தில் விழுந்தால் மோட்டார் ஒரு கணம் மேலே எம்பும், லீவர் நழுவும், அடுத்த கணம் மொத்தப் பாரமும் திரும்பி வந்து விழும்.

ஆகவே முதல் கேள்வி கம்பி வாங்குவதா வேண்டாமா என்பதல்ல. இறக்கி வைத்தால் தரைக்கும் மோட்டாருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? டேப்பை எடுத்து அளந்துவிட்டு வா.

ஏப்ரல் 15

அளக்கும்போது காரில் மாட்டி அள. ஜாக் சக்கரத்தில் நிற்கும் டிரெய்லரை அளந்து பயனில்லை, மூக்கு உயர்ந்தால் வால் தாழும். புரொப்பெல்லருக்குக் கீழே மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு நீட்டியிருக்கும், ஸ்கெக். அதன் முனையிலிருந்து தரைக்கு அள.

சமதளத்தில் ஒரு அடி இருந்தாலும் போதுமென்று முடிவு கட்டாதே. பெட்ரோல் ஸ்டேஷனிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடம், வீட்டு டிரைவ்வேயின் கீழ் முனை, ரயில்வே கிராசிங், இந்த மூன்றும்தான் ஸ்கெக்கைத் தின்னும். டிரெய்லர் சக்கரம் பள்ளத்தில் இருக்க, கார் மேட்டில் ஏறியிருக்க, அதற்கெல்லாம் பின்னால் தொங்கும் மோட்டார் தரையைத் தேடிப் போகும். வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து டிரைவ்வேயில் மெதுவாக ஒருமுறை ஏறி இறங்கிப் பார், தெரிந்துவிடும். 16 அடி அலுமினியப் படகு, 12 அங்குலச் சக்கரம் போட்ட டிரெய்லர் என்றால் பெரும்பாலும் தூக்கியாகத்தான் வேண்டும்.

ஏப்ரல் 17

"பின்பலகை பிளந்துகொள்ளும்" என்ற பயத்தைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், துல்லியமானதல்ல, ஆனால் போக்கு தெரியும்.

40 எச்.பி. நாலு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறக்குறைய நூறு கிலோ. அதன் பாரமையம் பின்பலகையிலிருந்து கால் மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா நிற்கும்போது பலகையைப் பின்னுக்குத் திருகும் விசை, கிலோவை மீட்டரால் பெருக்கினால், 25.

இப்போது தண்ணீரில் முழு வேகம். 40 எச்.பி. என்றால் சுமார் 30 கிலோவாட். அதில் பாதிதான் படகைத் தள்ளப் பயன்படுகிறது, வேகம் மணிக்கு 40 கி.மீ. என்று போட்டால் தள்ளு விசை 140 கிலோ அளவுக்கு வருகிறது. புரொப்பெல்லர் தண்டு பலகையின் மேல் விளிம்புக்கு 65 செ.மீ. கீழே. பெருக்கினால் 90. இதுவும் அதே பக்கம்தான் திருகும்: கீழே முன்னால் தள்ளும், மேலே பின்னால் இழுக்கும்.

அதாவது ஏரியில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து போகும்போது தள்ளு விசை மட்டுமே பலகையைத் திருகுவது, டிரெய்லரில் சும்மா நிற்கும் மோட்டார் திருகுவதைப் போல மூன்றரை மடங்கு. அதற்காகத்தான் பலகை கட்டப்பட்டிருக்கிறது. "கம்பி இல்லையென்றால் பிளக்கும்" என்பது நல்ல பலகைக்குப் பொருந்தாது.

ஆனால் ரோடு வேறு மாதிரி. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அந்த நூறு கிலோ ஒரு கணம் முந்நூறாகும். 25 என்பது 75 ஆகிவிடும், உடனே பூஜ்யத்துக்கு வரும், மறுபடி எழும். ஏரியில் விசை ஒரே பக்கம் நின்று அழுத்தும். ரோட்டில் அடித்து அடித்து எடுக்கும். போல்ட் தளர்வதும், போல்ட் ஓட்டையைச் சுற்றி பிளைவுட் நசுங்குவதும் அதனால்தான். ஒன்டாரியோவில் பனிக்காலம் முடிந்ததும் கவுண்டி ரோடுகள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் உறைந்து உப்பி, தார் விரிந்து, இரண்டு அடிக்கு ஒரு மேடு.

ஏப்ரல் 18

பீட்டர்பரோ அண்ணன் ஒருவர் குறுக்கே வந்து நல்ல புள்ளி ஒன்றைப் பிடித்திருக்கிறார். "மோட்டாரைத் தூக்கினால் பாரம் பின்னுக்குப் போகிறது, அதனால் பலகைக்கு ஆபத்து" என்று கடையில் சொல்வார்களே, அது பாதிதான் சரி என்கிறார். சரிதான். மோட்டாரில் கனமான பகுதி மேலே இருக்கும் எஞ்சின் தலை. தூக்கும்போது மோட்டார் திரும்பும் கீல் அச்சு அதற்குக் கீழே. கால் பகுதி பின்னால் எழும்போது தலை படகுக்குள் சாய்ந்து வரும். மொத்தப் பாரமையம் பின்னுக்குப் போவதாகத் தெரியவில்லை, நிறைய மோட்டார்களில் கொஞ்சம் முன்னுக்கே வரும்.

அப்படியென்றால் தாங்கு கம்பி எதற்கு? பலகைக்காக என்பதைவிட ஹைட்ராலிக்குக்காக என்றே இப்போது சொல்வேன். தூக்கிய மோட்டார் நிற்பது ஒரு ராமின், அதாவது மோட்டாரைத் தூக்கும் ஹைட்ராலிக் உருளையின், எண்ணெய் மேல். வழி நெடுக ஒவ்வொரு குலுக்கலும் அந்த எண்ணெயிலும் சீலிலும் போய் முட்டுகிறது. இறக்கி வைத்தால் மோட்டார் பிராக்கெட்டில் அமர்ந்துவிடுகிறது, ஆடுவதற்கு வழியில்லை. பெயரில் டிரான்சம் இருந்தாலும் அந்தக் கம்பி முதலில் காப்பாற்றுவது டில்ட் ராமை.

ஏப்ரல் 21

இதுவரை மோட்டாரைப் பற்றியே பேசிவிட்டோம். மூன்று நாளாக எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது வேறு. பிராம்ப்டன் தம்பி போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகின் அடியில் கார்பெட் சுற்றிய நீளக் கட்டைகள் இரண்டு இருக்கின்றன அல்லவா, அவை பின்பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. நூறு கிலோ மோட்டார் மாட்டிய பலகை அந்தரத்தில் தொங்குகிறது.

கம்பி வாங்குவதற்கு முன்னால் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். கட்டை பலகைக்குக் கீழே முழுதாக வர வேண்டும், ஒன்றிரண்டு அங்குலம் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் படகின் அடித்தட்டு கட்டை முடியும் இடத்தில் மெல்ல வளையும். பல வருடத்தில் நிரந்தரமாக வளைந்துவிட்டால் அப்புறம் தண்ணீரில் படகு மூக்கைக் கீழே போட்டுக்கொண்டுதான் ஓடும், டிரிம்மை, அதாவது மோட்டாரின் சாய்வை, எப்படித் திருகினாலும் சரிவராது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. முன்னால் விஞ்ச் (படகை இழுத்துப் பிடிக்கும் உருளை) நிற்கும் கம்பத்தின் யூ-போல்ட்டுகளைத் தளர்த்தி அந்த ஒரு சாண் முன்னுக்கு நகர்த்து. படகு முன்னேறும், பலகை கட்டை மேல் வந்து உட்காரும். ஒன்று கவனி, காரின் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இடம்) மேல் விழும் பாரம் கூடும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு ஹிட்ச் மேல் இருப்பது சரியான அளவு, ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கும். நகர்த்த இடமில்லையென்றால் நீளமான கட்டை வாங்கிப் போட்டுவிடு.

இரண்டாவது, ஸ்ட்ராப். முன்னால் விஞ்ச் பிடித்திருக்கிறது, பின்னால்? படத்தில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் கட்டாத படகு ஒவ்வொரு மேட்டிலும் கட்டையை விட்டு எழும்பி விழுகிறது. மோட்டாரோடு சேர்த்து எழும்பி, மோட்டாரோடு சேர்த்து விழுகிறது. அந்த நிலையில் தாங்கு கம்பி மாட்டினால் இன்னும் மோசம்: கம்பியின் ஒரு முனை டிரெய்லரில், மறுமுனை மோட்டாரின் காலில். படகு ஒரு பக்கம் ஆட, டிரெய்லர் இன்னொரு பக்கம் ஆட, நடுவில் கம்பி மோட்டாரைக் கீழிருந்து குத்தும். அந்தக் குத்து மோட்டார் வழியாகப் பலகைக்கே போகும். "கம்பி மாட்டித்தான் என் பலகை போனது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நான் பார்த்த அப்படிப்பட்ட படகுகளில் பின் ஸ்ட்ராப் இருந்ததில்லை.

பின்பலகையின் வெளிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் வளையம் இருக்கும். அதிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு ஆளுக்கொரு ஸ்ட்ராப், கூடியவரை நேர் கீழாக. கையால் தட்டினால் டொம்மென்று கேட்கும் அளவுக்கு இறுக்கம் போதும். கட்டுவதற்கு முன் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிடு. தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து 100 கி.மீ. வேகத்தில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும், ஓரமும் நைந்துபோகும். வளையம் இல்லாத படகுக்கு மேலே குறுக்காக ஒரே பட்டை போடலாம், ஆனால் அலுமினிய விளிம்பு மேல் பழைய கார்பெட் துண்டு வைத்துக் கட்டு. ராட்செட்டை ஆத்திரத்தில் இறுக்கி விளிம்பை உள்ளே வளைத்த படகை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டை, பட்டை, அதற்கு அப்புறம் கம்பி. இந்த வரிசையை மாற்றாதே.

ஏப்ரல் 22

"கட்டை, பட்டை" எதுகைக்காகச் சொன்னதா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அதுவாக வந்து விழுந்தது.

மே 4

எந்தக் கம்பி என்று கேட்கிறவர்களுக்கு.

பழைய வகை: ஒரு முனையில் ரப்பர் பூசிய வி வடிவத் தாங்கி, அது மோட்டாரின் லோயர் யூனிட்டை, அதாவது புரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதியை, பிடிக்கும். மறுமுனை டிரெய்லரின் கடைசி ரோலர் மேல் கவை மாதிரி உட்காரும். ரோலர் இல்லாத டிரெய்லருக்குக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு ஒரு பிராக்கெட் பொருத்தி, அதில் பின் ஆணி (கழற்றி மாட்டும் ஆணி) போட்டு மாட்ட வேண்டும். தம்பியின் டிரெய்லர் இந்த இரண்டாவது வகைதான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முழுக்கத் தூக்கி உயரத்தில் மாட்டாதே, ஸ்கெக்குக்குக் கீழே ஒரு அடி இடம் கிடைத்தால் போதும். கம்பியை வைத்துவிட்டு டிரிம் பட்டனைத் தட்டித் தட்டி மோட்டாரை அதன் மேல் இறக்கு. கம்பி ஆடாமல் நிற்கும் அளவுக்குப் பாரம் ஏறினால் நிறுத்து. அதற்கு மேல் அழுத்தினால் ஹைட்ராலிக்கே கம்பியை வளைக்கும், அதற்கு அவ்வளவு பலம் இருக்கிறது. ரப்பர் பட்டையைச் சுற்றி மாட்ட மறக்காதே, மோட்டார் இடம் வலம் திரும்பாமல் பிடிப்பது அதுதான்.

புதிய வகை: டிரெய்லரைத் தொடவே தொடாதது. ராமின் பளபளப்பான தண்டு மேல் ஒரு உறையை மாட்டி மோட்டாரை அதன் மேல் இறக்குவது ஒன்று, எம்-ஒய் வெட்ஜ் மாதிரி ஆப்பு வைத்து மோட்டாரைப் பலகையோடு அசையாமல் பூட்டுவது ஒன்று. ராமுக்கு ஓய்வு கிடைக்கும். டிரெய்லர் ஆட்டம் மோட்டாருக்குப் போகாது. ஆனால் மோட்டாரின் பாரத்தில் ஒரு கிலோவைக்கூட டிரெய்லர் வாங்கிக்கொள்ளாது, எல்லாம் பலகை தலையில்தான்.

நான் எதைப் பரிந்துரைப்பேன்? முன்பு கண்ணை மூடிக்கொண்டு நீளக் கம்பி என்பேன். 18-ஆம் தேதி எழுதியதற்கு அப்புறம் யோசித்தால், பலகை உறுதியாக இருந்து மோட்டாரும் 60 எச்.பி.க்குள் இருந்தால் ஆப்பு வகையே போதும். கனமான மோட்டார், நீண்ட தூரம், மோசமான ரோடு என்றால் நீளக் கம்பி, பின் ஸ்ட்ராப்போடு.

நீளக் கம்பிக்கு ஒரு குறை: வி தாங்கியின் ரப்பரில் மணல் ஒட்டிக்கொள்ளும். ஒரு சீசனில் லோயர் யூனிட்டின் இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்ட் போய் வெள்ளி தெரியும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வைத்துக்கொள், மாட்டுவதற்கு முன் துடைத்துவிடு.

மே 6

வாங்கிய ஆப்புக்குப் பதிலாக மரக்கட்டை வைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆமாம், வைக்கலாம். மோட்டார் பிராக்கெட் இடுக்கில் பொருந்துகிற மாதிரி ஒரு துண்டு வெட்டி வைத்துப் பலர் ஓட்டுகிறார்கள். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து ராம் தண்டு மேல் மாட்டுபவர்களும் உண்டு. எல்லாமே ஆப்பு வகைதான். கட்டைக்கு ஒரு ஓட்டை போட்டுக் கயிறு கட்டி வை. கட்டாத கட்டை 401-இல் பின்னால் வருபவனின் கண்ணாடிக்குப் போகும்.

மே 20

விக்டோரியா டே நீள விடுமுறை. ரைஸ் லேக் கரையில் பியூட்லி படகுத்துறையில் வரிசையில் நின்றபடி எழுதுகிறேன், முன்னால் ஏழெட்டு வண்டி.

முதலில் இறங்கியவர் பின் ஸ்ட்ராப்பைக் கழற்றவில்லை. டிரெய்லரை ரிவர்ஸில் தண்ணீருக்குள் விட்டார், படகு மிதக்க மாட்டேன் என்கிறது. இன்னும் உள்ளே விட்டார். டிரெய்லரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மிதக்கப் பார்க்கிறது! கரையில் ஒரே சிரிப்பு. இது பரவாயில்லை. தாங்கு கம்பியைப் பின் ஆணி போட்டு மாட்டியவர்கள் அதை மறந்து இறக்கினால் படகு பின்னால் நகரும்போது கம்பி மடங்கும், இல்லையென்றால் பிராக்கெட் பிய்ந்து வரும்.

அதற்காகத்தான் வரிசை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சரிவுக்கு வருவதற்கு முன்பே, பார்க்கிங் ஓரத்தில்: மோட்டாரைக் கொஞ்சம் தூக்கு, கம்பியைக் கழற்றிப் படகுக்குள் போடு, ஸ்ட்ராப்பைக் கழற்று, தண்ணீர் அடைப்பானைத் திருகி மூடு. மோட்டார் தூக்கியபடியே இருக்கட்டும், சரிவில் இறக்கி வைத்தால் ஸ்கெக் கான்கிரீட்டில் உரசும். முன்னால் விஞ்சும் சங்கிலியும் தண்ணீர் ஓரம் வரும்வரை கழற்ற வேண்டாம். கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கிப் படகைக் கான்கிரீட்டில் உட்காரவைத்தவர்கள் எல்லா ஏரியிலும் உண்டு.

திரும்பும்போது ஒன்று. ஒன்டாரியோவில் 2022 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது: படகை ரோட்டில் கொண்டுபோவதற்கு முன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் பாசி, செடி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு ஏரியின் மஸ்ஸலும் பாசியும் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது என்பதற்காக. நம் விஷயத்துக்கு இது எங்கே வருகிறது என்றால், மோட்டாரையும் வடிக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி மோட்டாரை முழுக்க நேராக இறக்கு. கூலிங் தண்ணீர் ஒழுகி நிற்கும்வரை விடு, ஸ்ட்ராப் கட்டி முடிப்பதற்குள் வடிந்துவிடும். அதற்கு அப்புறம் தூக்கிக் கம்பி மாட்டு. தண்ணீரிலிருந்து தூக்கிய கையோடு கம்பி மாட்டிக் கிளம்புபவர்கள் ஏரித் தண்ணீரைச் சுமந்துகொண்டே வீட்டுக்குப் போகிறார்கள்.

என் முறை வந்துவிட்டது.

ஜூன் 11

தம்பி எழுதியிருக்கிறார்: கட்டையைச் சரிசெய்தாயிற்று, ஸ்ட்ராப் வாங்கியாயிற்று, ஆனால் ஃபிஷ் ஃபைண்டர் சென்சரை நகர்த்துவதற்காகப் பின்பலகையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று.

அடடா. அப்படியென்றால் கம்பி, ஆப்பு எல்லாப் பேச்சையும் நிறுத்தி வை.

அலுமினியப் படகுதானே, மரம் எங்கே வந்தது என்று கேட்காதே. பெரும்பாலான அலுமினியப் படகுகளிலும் பின்பலகைக்குள் பிளைவுட்தான், மேலே தகடு போர்த்தியிருக்கும். மோட்டார் போல்ட்டு, சென்சர் ஸ்க்ரூ, அடைப்பான் குழாய் என்று போட்ட ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தண்ணீர் உள்ளே போகலாம். பழுப்பு நிறம் ஊறிய மரத்தின் சாயம்.

பார்க்கும் முறை. ஸ்க்ரூ ஓட்டைக்குள் மெல்லிய ஆணியை விட்டுத் துழாவு: கெட்டியாக முட்டினால் ஓரளவு நிம்மதி, ஈரத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் மோசம். சின்னச் சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் கணீரென்று கேட்கும், அழுகிய இடம் சொத்தென்று. அப்புறம் மோட்டாரைப் பாதி தூக்கி, லோயர் யூனிட் மேல் கையை ஊன்றி மெதுவாக அமுக்கு. டிரெய்லரில் பின் ஸ்ட்ராப் கட்டியிருக்கட்டும், நீ மோட்டாருக்கு அடியில் போகாதே. இன்னொருவர் பலகையின் மேல் விளிம்பை, அது படகின் பக்கச் சுவரோடு சேரும் மூலையைப் பார்க்கட்டும். அங்கே இடைவெளி திறந்து மூடினால் பலகை போய்விட்டது. மோட்டார் போல்ட்டின் வாஷர் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்றும் பார். மரம் உள்ளே நசுங்கியிருந்தால் அது குழிந்து நிற்கும்.

ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் தப்பித்தாய். ஓட்டையைப் பெரிதாக்கி, உலரவிட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் புதிதாகத் துளை போடு. சென்சருக்கு ஒரு பிளாஸ்டிக் பலகையைப் பசை போட்டு ஒட்டி அதன் மேல் ஸ்க்ரூ போட்டுவிட்டால் இனி பின்பலகையை ஓட்டை போடவே வேண்டாம்.

முழுப் பலகையும் மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மரக்கடையில் பச்சை நிறத்தில் விற்கும், மருந்தேற்றிய பிளைவுட் அழுகாது என்று வாங்கிவிடாதே. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தோடு செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், மரம் நன்றாக இருக்கும், தகடு சல்லடையாகிவிடும். மரைன் பிளைவுட் முக்கால் அங்குலத்தில் இரண்டு ஒட்டி ஒன்றரை அங்குலம், ஓரங்களுக்கும் ஓட்டைகளின் உட்பக்கத்துக்கும் எபாக்ஸி. பழைய பலகையை உடைக்காமல் எடுத்தால் அதையே அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 12

விற்றவரிடம் சண்டைக்குப் போகலாமா என்று கேட்டால் என்ன சொல்ல? பழைய படகு, பார்த்துத்தான் வாங்கினாய். அவர்தான் "பலகை பிளந்துகொள்ளும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாரே.

ஜூலை 7

ட்ரோலிங்குக்காக (மெதுவாக ஓட்டியபடி தூண்டில் இழுப்பதற்காக) பெரிய மோட்டார் பக்கத்தில் 9.9 எச்.பி. குட்டி மோட்டார் மாட்டியிருப்பவர் கேட்டது. அதைப் பிராக்கெட்டில் விட்டே இழுக்கலாமா?

தனி பிராக்கெட் பலகையிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் 40 கிலோ ஆடினால் போல்ட் ஓட்டை விரியும். ஸ்க்ரூ கிளாம்ப்பும் குலுக்கலில் தளரும். கழற்றிக் காருக்குள் வைப்பதுதான் நல்லது. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் வள்ளம் கரையேறினால் சின்ன மோட்டாரைக் கழற்றிக் கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். டிரான்சம் சேவர் பிரச்சினையே அங்கே கிடையாது, தோள்பட்டைப் பிரச்சினைதான்.

கழற்றிப் படுக்க வைக்கும்போது நாலு ஸ்ட்ரோக் என்றால் கண்ட பக்கம் படுக்க வைக்காதே. எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று மோட்டாரில் ஸ்டிக்கரோ புத்தகத்தில் படமோ இருக்கும். மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அதற்கு முன்னால் நிமிர்த்தியே வைத்துத் தண்ணீரை வடித்துவிடு.

கழற்ற முடியவே முடியாது என்றால் ராட்செட் பட்டையால் குட்டி மோட்டாரை இழுத்துக் கட்டி, மேலும் கீழும் எம்பாமல் பார்த்துக்கொள். மாமா வீட்டுத் துணிக்கயிறு வேண்டாம்.

ஜூலை 9

இரண்டு சில்லறை விஷயம்.

மோட்டாரின் மேல்மூடியின் கொக்கியை ஒவ்வொரு முறையும் கையால் அழுத்திப் பார். நெடுஞ்சாலையில் மூடி பறப்பது கதையல்ல, ஒன்று வாங்கப் போனால்தான் விலை தெரியும்.

மோட்டாரைத் தூக்கினால் வால் நீளும். ஒன்டாரியோவில் சுமை பின்னால் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. 16 அடிப் படகுக்கு அவ்வளவு வராது. பழைய குட்டை டிரெய்லரில் நீளப் படகை வைத்திருப்பவர்கள் அளந்துகொள்ளுங்கள்.

ஜூலை 28

மோட்டாருக்குத் துணி உறை போட்டு இழுக்கலாமா என்றால், இழுக்கும்போது போடுவதற்கென்றே தைத்த இறுக்கமான உறை போடலாம். நிறுத்தி வைக்கும்போது போடும் தொளதொள உறை காற்றில் அடித்து அடித்துப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

சக்கர பேரிங் கிரீஸ் பற்றிக் கேட்டவருக்குத் தனியாக எழுத வேண்டும், இங்கே ஆரம்பித்தால் முடியாது. ஒன்று மட்டும்: வழியில் நிறுத்தும்போது சக்கரத்தின் நடுவில் கையை வை. கை வைக்க முடியாத சூடு என்றால் வீட்டுக்குப் போகும்வரை தாங்காது.

அக்டோபர் 27

தம்பி பலகையை மாற்றிவிட்டாராம். படம் போட்டிருக்கிறார், வெட்டு ஓரத்தில் எபாக்ஸி வழிந்து உறைந்திருப்பது நன்றாகவே தெரிகிறது, சிக்கனம் பிடிக்கவில்லை. கட்டை பலகைக்கு இரண்டு விரல் அளவு தாண்டி நிற்கிறது. ஸ்ட்ராப்பில் முறுக்கும் இருக்கிறது! ஆப்பு வகையே போதுமென்று வாங்கியிருக்கிறார். சரியான முடிவு.

இனி பனிக்காலத்துக்கு. மோட்டாரைத் தூக்கியபடி நிறுத்தி வைக்காதே, ஆப்பை எடுத்துவிட்டு முழுக்க நேராக இறக்கு. தூக்கிய மோட்டாரின் புரொப்பெல்லர் மையத்தில் மழைத்தண்ணீர் தேங்கும், உறையும், உறைந்தால் விரியும். பனி சேர்ந்து டிரெய்லர் சாய்ந்தாலும் ஸ்கெக் தரையில் முட்டாத அளவுக்கு முன் ஜாக்கைத் தாழ்த்தி மூக்கை இறக்கிவை, படகுக்குள் விழும் தண்ணீர் பின்னால் அடைப்பான் வழியே போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள். மூக்கை ரொம்பத் தாழ்த்தினால் தண்ணீர் முன்னால் தேங்கும், அப்படி வந்தால் முழு டிரெய்லரையும் கட்டை கொடுத்து உயர்த்து, மூக்கு வாலைவிடச் சற்று மேலேயே இருக்கட்டும்.

கியர் எண்ணெயை இப்போதே மாற்று, வசந்தத்துக்குத் தள்ளாதே. கீழ் ஸ்க்ரூவைத் திறந்ததும் முதலில் வருவது எப்படி இருக்கிறது என்று பார். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ வந்தால் சரி. பால் காபி நிறத்தில் வந்தால் சீல் வழியே தண்ணீர் போயிருக்கிறது, அப்படியே விட்டால் ஜனவரியில் அது உறைந்து லோயர் யூனிட்டில் விரிசல் விழலாம். புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டில் மீன்பிடி நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு, சீல் அறுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஸ்ட்ராப் இரண்டையும் கழற்றிக் கழுவி உள்ளே தொங்கவிடு. ராட்செட் பல்லில் ஒரு சொட்டு எண்ணெய்.